சக்கரத்தில் சிக்கியவர்

தமிழில் எழுதப்படும் கதைகளுக்குள் மிகச் சிறியது எது என்று யாராவது கேட்டால், நான் தினசரிப் பத்திரிகையின் உள்பக்கத்தைத்தான் காட்டுவேன். சாலைப் பணியில் ஈடுபட்டிருந்த தொழிலாளி ஒருவர், பின்னோக்கி வந்த லாரியின் சக்கரத்தில் எதிர்பாராத விதமாகச் சிக்கி, சம்பவ இடத்திலேயே பலியானார். போலீசார் வழக்குப் பதிவு செய்து டிரைவரிடம் விசாரித்து வருகிறார்கள். இவ்வளவுதான் கதை. ஊர் மாறும், தேதி மாறும், இறந்தவரின் வயது மாறும், கதை மாறுவதில்லை. எழுதியவர் யார் என்றும் தெரியாது. நாட்டுப் பாடலைப் போல இதுவும் ஒரு ஜனசமூகம் கூடிச் செய்த சிருஷ்டி என்றே சொல்ல வேண்டும்.

கதை என்று ஒப்புக்கொண்ட பிறகு அதை விமர்சனம் செய்யவும் நமக்கு உரிமை உண்டு. முதலில் வாக்கியத்தின் எழுவாய் யார்? தொழிலாளி. அவர் செய்த காரியம் என்ன? சிக்கினார். லாரி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அது வந்தது என்ற விஷயம் ஒரு பெயரெச்சத்துக்குள் ஒளிந்துகொண்டது. 'சக்கரத்தில்' என்று ஏழாம் வேற்றுமை உருபைப் போட்டு அதை ஓர் இடமாகவே ஆக்கியாயிற்று. கிணற்றில் விழுந்தார், சேற்றில் சிக்கினார் என்று சொல்வதில்லையா? அப்படித்தான் இதுவும். பாரம் ஏற்றிக்கொண்டு உருண்டு வந்த வண்டி, இலக்கணத்தின் மகிமையால், அசையாத கிணறாகவும் சேறாகவும் மாறிவிடுகிறது. கிணற்றின் மேல் யார் வழக்குப் போட முடியும்?

'எதிர்பாராத விதமாக' என்பது அடுத்த அலங்காரம். யார் எதிர்பார்க்கவில்லை? இறந்தவர் எதிர்பார்க்கவில்லை என்பது வாஸ்தவம். மற்றவர்களும் எதிர்பார்க்கவில்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். கடைசியாக, 'பலி'. பலி என்பது கொடுக்கப்படுவது. கொடுக்க ஒருவர், வாங்கிக்கொள்ள ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் பலி கிடையாது. எந்த ஆடும் தானாகப் பலியானதில்லை. ஆனால் நம்முடைய இந்தக் கதையில் கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. வெட்டுப்பட்டவர் மட்டும் இருக்கிறார்.

நிருபரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவருக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கிடைப்பது நாலு தகவல். அரை மணிக்குள் அனுப்பியாக வேண்டும். இடமும் குறைவு. ஆனால் கதை எழுதுகிறவர்களுக்கு அரை மணிக் கெடு கிடையாது. அவர்கள் இதே மனிதரை எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் நான் பேச வந்த விஷயம்.

கொல்லிமலைச் சாலையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நாமக்கல் ஜில்லாவில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காடு, செம்மேடு என்று மேலே ஏறும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையைப் பற்றிய எந்தப் பிரயாணக் கட்டுரையைப் புரட்டினாலும் இந்த 70 வந்துவிடும். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை வரும். எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கும் சகப் பிரயாணி வருவார். அறப்பளீசுவரர் கோவில், ஆகாய கங்கை அருவி, பலாவும் மிளகும் அன்னாசியும், ஆடி மாதத்து ஓரி விழா எல்லாம் வரும். அந்தச் சாலையை வெட்டியவன் வருவதில்லை. மழையில் சரிந்த கரைக்குத் திரும்பச் சுவர் எடுத்தவனும், தார் போட்டபோது துடைப்பம் பிடித்தவளும் வருவதில்லை. சாலை ஏதோ மலையோடு கூடவே முளைத்தது போல இருக்கும்.

காரணம் எளிது. எழுதுகிறவர் பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வழியில் எங்கோ வேலை நடக்கிறது. பச்சைக்கொடி காட்டும் வரை பஸ் பத்து நிமிஷம் நிற்கிறது. அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தப் பத்து நிமிஷம் அவருடைய கட்டுரையில் தாமதம் என்ற பெயரில் ஒரு வரி பெறும், அல்லது அதுவும் பெறாது.

அவர் ஜன்னலை விட்டுக் கீழே இறங்கியிருந்தால் என்ன பார்த்திருப்பார்? வேலை நடக்கும் விதத்தைச் சற்று விவரமாகச் சொல்கிறேன். ரஸமான விஷயம் அல்ல என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கதை இருப்பது இதற்குள்ளேதான்.

மலைச்சாலையில் பாதியை அடைத்து வேலை செய்வார்கள். மற்றப் பாதியில் பஸ்ஸும் காரும் மோட்டார் சைக்கிளும் போய்க்கொண்டிருக்கும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். சமவெளியில் என்றால் ஓரமாக ஒதுங்க ஒரு வரப்பாவது இருக்கும். இங்கே ஒதுங்க வழியில்லை. ஜல்லியோ தார்க்கலவையோ ஏற்றி வரும் டிப்பர் லாரி குறுகிய வளைவில் வைத்துத் திரும்ப முடியாது. ஆகவே அது பின்னோக்கித்தான் வர வேண்டும். டிரைவரின் ஆசனம் வலப்பக்கம். அவன் முதுகுக்குப் பின்னால் ஆளைவிட உயரமான இரும்புப் பெட்டி. நேர் பின்புறத்தில் நிற்பவனும், இடது பின்சக்கரத்தின் பக்கத்தில் நிற்பவனும் அவன் கண்ணாடியில் விழுவதில்லை. கலவையை மண்வெட்டியால் இழுத்துச் சமன் செய்கிறவன், புழுதியைக் கூட்டித் தள்ளுகிறவள், தார் தெளிக்கிறவன் எல்லோரும் வேலை செய்வது சரியாக அந்த இடத்தில்தான். போதாததற்கு அவர்கள் குனிந்திருக்கிறார்கள். சாலை வேலை குனிந்து செய்கிற வேலை. குனிந்த மனிதன் நிற்கிற மனிதனில் பாதிதான் கண்ணுக்குத் தெரிவான்.

காது உதவாதா என்று கேட்கலாம். மலை வளைவில் ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்டக்கூடாது, அடிக்கத்தான் வேண்டும். காலை முதல் மாலை வரை ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அலறுகிறது. அலறல் அங்கே எச்சரிக்கையே அல்ல. குருவிச் சத்தம் போல அது மலையோடு சேர்ந்த ஒரு சத்தம். இதற்கு மேல் ரோடு ரோலரின் இரைச்சல், புழுதி ஊதும் இயந்திரத்தின் இரைச்சல். லாரி பின்வாங்கும்போது ஒலிக்க வேண்டிய மணியை நம்மவர்கள் சில வண்டிகளில் சினிமாப் பாட்டு மெட்டாகவே வைத்துவிடுகிறார்கள். மரணம் மெட்டுப் போட்டுக்கொண்டு வரும் என்று எந்தச் சித்தரும் பாடியிருக்க முடியாது.

மிஞ்சியிருப்பது கிளீனர் பையன். அவன் பின்னால் இறங்கி நின்று, "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்து, வேண்டிய இடத்தில் "ஹோல்டேன்!" என்று தகட்டைத் தட்ட வேண்டும். அவன் டீ வாங்கிவர அனுப்பப்பட்டிருக்கலாம். கிளீனரே வைத்துக்கொள்ளாத லாரியும் உண்டு. ஒரு சம்பளம் மிச்சம். அப்போது யாராவது ஒரு கூலியாள், தன் வேலையை நிறுத்திவிட்டு, கையைக் காட்டுவார். எங்கே நின்று காட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. லாரிக்கும், கலவையை விரிக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்று காட்டுவார். மாலையில் பனிமூட்டம் வேறு இறங்கிவிட்டால் அதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

இதில் எது எதிர்பாராதது? எதிர்பார்த்தவர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1970-ல் தொழில் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. அதையொட்டி எழுதப்பட்ட விதிகளில், பின்புறம் தெரியாத வண்டியைக் கட்டட வேலையிடத்தில் பின்னோக்கி ஓட்ட வேண்டுமானால், சுற்றியிருக்கும் இரைச்சலையும் மீறிக் கேட்கும் மணி இருக்க வேண்டும், அல்லது சைகை காட்ட ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் இயற்றிய சட்டத்தையொட்டி 1998-ல் வகுத்த மத்திய விதிகளில், மண் அள்ளும் வண்டிகளுக்குப் பின்வாங்கும் மணி வேண்டும் என்று இருந்தது. வேலை நடக்கும் சாலையில் எங்கே எச்சரிக்கைப் பலகை வைப்பது, எங்கே கொடி பிடிக்கும் ஆளை நிறுத்துவது என்றெல்லாம் இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஒரு புத்தகமே போட்டு, அதை 2014-ல் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது. ஆக, இந்தச் சாவு அச்சிட்ட புத்தகத்தில் முன்கூட்டியே எழுதப்பட்ட சாவு. 'எதிர்பாராத விதமாக' என்று எழுதுவது அந்தப் புத்தகத்தைப் படிக்காதவர்களின் பாஷை.

வேலை செய்யும்போது மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2021 ஆகஸ்டு மாதம் மகாராஷ்டிரத்தில் புல்டாணா ஜில்லாவில், சம்ருத்தி நெடுஞ்சாலை வேலைக்காக இரும்புக் கம்பி ஏற்றிப் போன டிப்பர் கவிழ்ந்து, அதில் ஏறிப் போன தொழிலாளர்கள் 13 பேர் செத்தார்கள். அதே வருஷம் ஜனவரியில் சூரத் பக்கத்துக் கோசம்பாவில், சாலையோரம் படுத்துத் தூங்கிய ராஜஸ்தான் கூலியாட்களின் மேல் லாரி ஏறி 15 பேர் மாண்டார்கள். பாரத்தோடு பாரமாகப் போவதும் வேலை, தெருவோரம் தூங்குவதும் வேலையின் பகுதி என்று ஆகிவிட்ட வாழ்க்கை அவர்களுடையது.

இலக்கியத்துக்கு வருவோம்.

கொல்லிமலை சங்கப் புலவர்களுக்கு மிகவும் பிடித்த மலை. சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப் பாவையை அவர்கள் மறக்கவில்லை. ஒரே அம்பால் பல பிராணிகளைத் துளைத்த வல்வில் ஓரியை வன்பரணர் பாடினார். அந்தப் பாட்டில் எனக்கு வியப்பாக இருப்பது ஓரியின் வில் அல்ல. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று அடிபட்டவை வரிசையாக, ஒன்று விடாமல், பதிவாகியிருக்கின்றன. புற்றில் இருந்த உடும்புகூடக் கணக்கில் வந்துவிட்டது. அடிபட்டதைப் பார்க்கத் தெரியாத கவி மரபு அல்ல நம்முடையது.

அதே காலத்துப் புலவர்கள் சாலை வேலையையும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். மோரியரின் தேர்ச்சக்கரம் தடையில்லாமல் உருளுவதற்காக மலையைக் குறைத்து வழி செய்தார்கள் என்ற செய்தி மாமூலனாரின் அகப்பாட்டில் வருகிறது, புறநானூற்றிலும் இருக்கிறது. தமிழ் இலக்கியத்தில் மலைச்சாலை என்ற ஒன்று தோன்றும் முதல் இடங்கள் இவை. அங்கே சக்கரம் இருக்கிறது, அதன் பளபளப்பு இருக்கிறது, குறைபட்ட பாறை இருக்கிறது. குறைத்த கை இல்லை. பிரிந்து போன தலைவன் எவ்வளவு தூரம் போனான் என்று காட்டுவதுதான் அகப்பாட்டின் உத்தேசம். ஆகவே புலவர்மேல் குறையில்லை. ஆனால் பார்வை எங்கிருந்து தொடங்கியது என்பது கவனிக்க வேண்டியது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நாம் சாலையைச் சக்கரத்தின் பக்கத்திலிருந்து பார்க்கப் பழகிவிட்டோம்.

அப்படியானால் பொதுவேலைக் கூலியாள் நம் இலக்கியத்தில் நுழையவே இல்லையா? நுழைந்திருக்கிறான், மிகப் பிரமாதமாக நுழைந்திருக்கிறான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலத்தைச் சொல்கிறேன். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது ராஜாவின் உத்தரவு. ஆளில்லாத வந்திக் கிழவிக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி ஒருவன் வருகிறான். கூடையில் மண்ணைப் போடுகிறான், கொட்டுகிறான், ஆடுகிறான், பாடுகிறான், படுத்துத் தூங்குகிறான். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி பாண்டியன் முதுகிலும், மந்திரிகள் முதுகிலும், ஊர் ஜனங்கள் எல்லோர் முதுகிலும் விழுகிறது. வேலைத்தலத்தில் ஒரு கூலியாளின் உடம்பில் விழுந்த அடி சமுதாயத்தின் உடம்பில் விழுந்த அடி என்பதை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன சம்பவம் வேறு எந்த நாட்டு இலக்கியத்திலாவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கூலியாள் சிவபெருமானாக இருக்க வேண்டும். பக்கத்துப் பங்கில் மண் சுமந்துகொண்டிருந்த வேறு ஆட்களும் அன்று பிரம்படி பட்டிருக்கமாட்டார்களா? அவர்களுடைய அடி அவர்கள் முதுகோடு நின்றுவிட்டது.

கூலியாள் தெய்வமானால் கதையில் இடம் உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது: பேயாவது. இதற்கு வயநாட்டுக்குப் போக வேண்டும். தாமரச்சேரி மலைவழியின் உச்சியில், லக்கிடியில், சங்கிலி கட்டிய மரம் ஒன்று நிற்கிறது. கரிந்தண்டன் என்ற பணியர் குலத்து இளைஞன், ஆடுமாடுகளோடு மலையில் திரிந்து வழி அறிந்தவன், வெள்ளைக்கார இஞ்சினீயருக்கு அந்த மலைவழியைக் காட்டினானாம். வழி கண்டுபிடித்த கீர்த்தி தனக்கே வேண்டும் என்று துரை அவனைக் கொன்றுவிட்டானாம். அதன் பிறகு அந்தப் பாதையில் போகும் வண்டிகள் விபத்துக்குள்ளாகத் தொடங்கின. கரிந்தண்டனின் ஆவிதான் காரணம் என்று கண்டு, மந்திரவாதி ஒருவர் அதைப் பிடித்துச் சங்கிலியால் மரத்தில் கட்டினார் என்பது அங்கே வழங்கும் கதை.

சரித்திரமாக இது எவ்வளவு உண்மை என்ற விசாரணை எனக்குத் தேவையில்லை. கதையாக இதன் போக்கைப் பார்க்க வேண்டும். சாலையால் செத்தவன் ஒருவன். கதையின் பின்பாதியில், சாலையில் நடக்கும் சாவுகளுக்கெல்லாம் அவனே காரணம் ஆகிவிடுகிறான். கொன்ற துரை கதையிலிருந்து மெல்ல நழுவிப் போய்விட்டான், சங்கிலி செத்தவனுக்கு. முதல் பாதியைச் சொன்னவர்கள் மலை ஜனங்களாகவும், பின்பாதியைச் சேர்த்தவர்கள் வண்டியில் போனவர்களாகவும் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். வண்டியில் போகிறவனுக்கு மட்டுமே அந்த ஆவியால் பயம். மேலே சொன்ன பத்திரிகை வாக்கியத்தில் 'சிக்கினார்' என்ற வினையைச் செத்தவர் தலையில் கட்டியதும் இதே சங்கிலிதான்.

நவீன எழுத்தாளர்கள் தெய்வத்தையும் பேயையும் ஒதுக்கிவிட்டு மனிதனைப் பார்க்க வந்தவர்கள். உழைப்பவனின் உடம்பைப் பற்றி நம்மிடம் நல்ல எழுத்து இல்லாமல் இல்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது. ஜெயகாந்தனின் 'டிரெடில்' அச்சாபீசுக்குள் புகுந்தது. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' உப்பளத்திலும், டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் ஷாப்புகளிலும் நின்று பார்த்தன. கொல்லிமலையைப் பற்றியே கு. சின்னப்ப பாரதியின் 'சங்கம்' இருக்கிறது. மலைவாழ் மக்கள் தங்களைச் சுரண்டுகிறவர்களுக்கு எதிராக ஒன்று சேரும் கதை அது. மலையை வேடிக்கை பார்க்கும் இடமாக வைக்காமல், அங்கே வாழ்கிறவர்களின் இடமாக வைத்து எழுதியது அந்த நாவலின் பெரிய தகுதி. நாமக்கல் சீமைக்காரர் அவர். பரமத்தியும் மோகனூரும் போலவே மலையும் அவருக்குப் பக்கத்து ஊர்தான்.

இவ்வளவு இருந்தும் சாலை வேலைக்காரன் மட்டும் ஏன் தப்பிப் போனான்? எனக்குத் தோன்றுவது இது. நம்முடைய யதார்த்த நாவலுக்கு ஓர் இடம் வேண்டும். ஒரு கிராமம், ஒரு தெரு, ஒரு எஸ்டேட் லைன், ஒரு உப்பளம். அங்கே தலைமுறையாக வாழும் ஜனங்கள், அவர்களுக்கென்று ஒரு வட்டாரப் பேச்சு. ஆசிரியர் அங்கே மாதக்கணக்கில் தங்கி, பேச்சை எழுதிக்கொண்டு, நாவலோடு திரும்புவார். சாலை வேலைக் கூட்டத்துக்கு இடமே கிடையாது. இந்த மாதம் இருபதாவது வளைவில் தகரக் கொட்டகை. அடுத்த மாதம் நாற்பதாவது வளைவில். மேஸ்திரி ஒரு ஜில்லா, ஆட்கள் வேறு ஜில்லா, தார் போடும் இயந்திரத்தில் இருப்பவன் வேறு ராஜ்யம். அவர்களுக்குள் பொதுவான பேச்சுமொழிகூட இராது. 'வட்டார நாவல்' என்ற நம் சட்டத்தில் இவர்கள் அடங்கமாட்டார்கள். அடங்காதவர்களை விட்டுவிட்டோம். ஆங்கிலத்தில் எழுதிய முல்க்ராஜ் ஆனந்த் 1961-ல் சாலை வேலையையே பொருளாக வைத்து ஒரு நாவல் செய்தார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் உடைத்த கல்லைத் தொட மேல்ஜாதியார் மறுப்பதில் அது பிறக்கிறது. அது எளிய நாவல்தான். பெரிய சாதனை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கும் அந்தச் சாலை ஒரே கிராமத்துச் சாலையாக இருந்ததனால்தான் கதை பிடிபட்டது.

இடம் இல்லாததற்கு எதிர்மாறாக, வண்டிக்கு நம் ஊரில் இடம் உண்டு, பேர் உண்டு, கீர்த்தி உண்டு. லாரிக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல்லுக்கு இந்தியா முழுவதும் பெயர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே எந்த ஊருக்கெல்லாமோ போகின்றன. லாரி டிரைவரைப் பற்றிக் கதை இருக்கிறது, சினிமா இருக்கிறது, பாட்டு இருக்கிறது. மலைமேல் ஏறும் சக்கரம் மலையடிவாரத்து ஊருக்கே சொந்தம். அதன் புகழில் பங்கு கேட்க எத்தனையோ பேர்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும் என்று எனக்குத் தெரியும். "விபத்து என்பது தற்செயல். தற்செயலில் கதை இல்லை. நல்ல கதையில் முடிவு பாத்திரத்தின் குணத்திலிருந்து பிறக்க வேண்டும். லாரி மோதிச் செத்தான் என்றால் அது செய்தி, இலக்கியம் அல்ல." இதைச் சொல்லும் நண்பர்கள் சாமானியமானவர்கள் அல்ல. ரஸனை உள்ளவர்கள். கதையை முடிக்கத் தெரியாத ஆசிரியர் கதாநாயகனை லாரியில் மோதவிட்டுத் தப்பித்துக்கொண்ட தொடர்கதைகளைப் படித்து நொந்தவர்கள். அவர்கள் அலுப்பு நியாயமானது.

ஆனால் பின்வாங்கும் டிப்பருக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே முடிவு குணத்திலிருந்து பிறக்கவில்லை என்பது சரி, தற்செயலிலிருந்தும் பிறக்கவில்லை. கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடித்ததிலிருந்து பிறந்தது. மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்திலிருந்து பிறந்தது. காரண காரியம் இவ்வளவு கெட்டியாகப் பிணைந்த கதைக்கரு வேறு எங்கே அகப்படும்?

நம்முடைய மிகப் பழைய வாகன விபத்துக் கதையையே பாருங்கள். திருவாரூர்த் தெருவில் ராஜகுமாரனின் தேர் போகிறது. ஒரு கன்று சக்கரத்தில் அகப்பட்டுச் சாகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி இதைச் சொல்கிறாள். சேக்கிழார் பெரியபுராணத்தில் விஸ்தாரமாகப் பாடுகிறார். விபத்துதானே, தற்செயல்தானே என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. சேக்கிழாரின் மந்திரிகள் பேசுவதைக் கவனிக்க வேண்டும். கன்றுதான் யாரும் அறியாமல் உள்ளே புகுந்தது என்கிறார்கள். நம் நிருபரின் 'சிக்கினார்' அப்போதே தயாராக இருந்திருக்கிறது! சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் உண்டு என்றும் சொல்கிறார்கள். சோழன் இரண்டையும் தள்ளிவிடுகிறான். பொறுப்பு தெருவிலிருந்து மேலே ஏறி, அரண்மனைக்குள் நுழைந்து, சிம்மாசனத்தின் காலடியில் வந்து நிற்கிறது. குற்றத்துக்கு அவன் விதித்த தண்டனை கொடூரமானது; அதை நான் கொண்டாடவில்லை. பொறுப்பு எந்தத் திசையில் நகர்கிறது என்பதுதான் கதையின் உயிர். தேரோட்டி ஒருவனைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டு அந்தக் கதை முடிந்திருந்தால் சேக்கிழார் அதைத் தொட்டிருக்கமாட்டார்.

இன்றைய கதை அங்கேதான் முடிகிறது. டிரைவரிடம் விசாரணை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு இரண்டு வருஷம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை. கண்ணாடியில் விழாதவனைப் பார்க்காமல் போனதற்காக, இரண்டாவது கூலியாள் ஒருவன் கூண்டில் நிற்கிறான். கொடி பிடிக்க ஆள் வைக்காதவர் பெரும்பாலும் சாட்சியாகக்கூட வருவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் சட்டம் நம் கதாசிரியர்களைவிட வெகு தூரம் முன்னால் போயிருக்கிறது. 1923-லேயே, வெள்ளைக்காரன் காலத்தில், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. வேலையின் காரணமாக, வேலையின்போது ஒருவன் செத்தால், முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். செத்தவன் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தான் என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அதன் சாரம். 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் கொள்கையை விட்டுவிடவில்லை. அதாவது, விதி, தற்செயல், அவன் தலையெழுத்து, அவன் அஜாக்கிரதை என்ற விளக்கங்களை எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு சட்டம் தள்ளுபடி செய்துவிட்டது. கதைகளில் அவை இன்னும் செல்லுபடியாகின்றன. செல்லுபடியாவதால் நஷ்டம் யாருக்கு என்றால், மலைமேல் ஏதோ ஒரு நாட்டில், குடிசையில் உட்கார்ந்துகொண்டு, "விதி முடிந்தது, என்ன செய்வது" என்று தானும் நம்பி, மேஸ்திரி கையில் வைத்த ரொக்கத்தை வாங்கிக்கொண்டு, காட்டிய இடத்தில் விரல்ரேகை வைத்துவிடும் மனைவிக்கு. விதி என்ற சொல்லை அவளுக்கு இவ்வளவு பழக்கப்படுத்தியதில் கதை சொல்கிறவர்களுக்கும் பங்கு உண்டு.

நஷ்டஈடு கேட்டு மனுப் போடத் துணிந்தவர்களின் வழக்குகளில் சாட்சிகள் வாக்குமூலம் தருகிறார்கள். லாரி எந்தப் பக்கமாக வந்தது, தான் எங்கே நின்றான், செத்தவர் கையில் கூடை இருந்ததா மண்வெட்டி இருந்ததா, யார் கூப்பிட்டார்கள், யார் கூப்பிடவில்லை என்று பக்கத்தில் நின்று வேலை செய்தவன் தன் பேச்சில் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொள்கிறார். சாலையை ஜன்னலிலிருந்து பார்க்காமல் தரையிலிருந்து பார்த்துச் சொன்ன தமிழ் வசனம் எனக்குத் தெரிந்த வரையில் அங்கே மட்டும்தான் இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகங்களில், சிவப்பு நாடா கட்டிய கட்டுகளில், அலமாரிக்கு மேலே கிடக்கின்றன. அவற்றைப் படிக்க அனுமதி கேட்டு எந்தக் கதாசிரியரும் மனுப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.